நெட் பறக்குது... டொரண்ட் மட்டும் ஏன் நிக்குது? 'கனெக்‌ஷன்' சிக்கலின் பின்னணி என்ன? - விரிவான அலசல்

யூடியூப் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. வாட்ஸ்அப் வீடியோ கால் தெளிவாக இருக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனால், டொரண்டில் போட்ட 5 ஜிபி ஃபைல் மட்டும் மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறது. 'பியர்ஸ்' என்ற இடத்தில் பூஜ்ஜியம். வேகம் என்ற இடத்திலும் பூஜ்ஜியம்.

சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பார்ப்பார்கள். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். கடைசியாக கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "நெட் நல்லாதானே சார் இருக்கு" என்ற பதில்தான் வரும்.

அந்தப் பதிலில் பொய்யில்லை. நெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது, உங்கள் வீட்டில் இருந்து வெளியே போய் எதையாவது எடுத்து வரும் வேகத்தை மட்டும்தான். வெளியில் இருக்கும் ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா என்பதை அது சொல்லாது. டொரண்டுக்கு அந்த இரண்டாவது விஷயமும் வேண்டும்.

அந்தக் கதவு எங்கே பூட்டப்படுகிறது? யார் பூட்டுகிறார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது? பார்க்கலாம்.

டொரண்ட் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண டவுன்லோடு என்பது ஒரு கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது மாதிரி. கடை ஒன்று, வாடிக்கையாளர்கள் பலர். கூட்டம் அதிகமானால் கடை திணறும்.

டொரண்டில் கடையே கிடையாது. ஒரு ஃபைலை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவரிடம் இருந்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய துண்டை, இல்லாத இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். இங்கே கூட்டம் கூடக்கூட வேகமும் கூடும். அமெரிக்காவைச் சேர்ந்த ப்ரோகிராமர் பிராம் கோஹன் 2001-ல் வெளியிட்ட 'பிட்டொரண்ட்' முறை இதுதான்.

முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவர் 'சீடர்'. குருவுக்கு எதிரே கைகட்டி நிற்கும் சீடர் அல்ல. விதை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தவர். இன்னும் முழுதாக வாங்காமல் இருப்பவர் 'லீச்சர்'. லீச் என்றால் அட்டைப்பூச்சி. இந்த எல்லோருக்கும் பொதுவான பெயர் 'பியர்'. அதாவது சமமானவர்.

பெயரில் இருக்கும் அந்த சமத்துவம் இன்றைய இன்டர்நெட்டில் இருக்கிறதா என்பதுதான் இந்தச் சிக்கலின் மையம்.

முதலில் பார்க்க வேண்டியது எது?

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன், கொடுப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சீடர்கள் எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்தால் எந்த மாற்றமும் பலன் தராது.

சில ஃபைல்கள் 97, 98 சதவீதம் வரை வந்து நின்றுவிடும். நெட் கட் ஆகிவிட்டது என்று பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் உண்மை அதுவல்ல. கடைசித் துண்டுகளை வைத்திருந்தவர் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுப் போயிருப்பார். சாஃப்ட்வேரில் 'அவைலபிலிட்டி' என்று ஒரு எண் இருக்கும். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால், இப்போது இணைந்திருக்கும் அத்தனை பேரிடமும் சேர்த்துக்கூட முழு ஃபைல் இல்லை என்று அர்த்தம்.

இந்தச் சோதனையை எளிதாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் மென்பொருட்களை அவற்றின் அதிகாரப்பூர்வ தளங்களே டொரண்டாகத் தருகின்றன. அவற்றுக்கு எப்போதும் ஏராளமான சீடர்கள் இருப்பார்கள். அந்த ஃபைல் வேகமாக இறங்கி, உங்கள் ஃபைல் இறங்கவில்லை என்றால் கோளாறு ஃபைலில். அதுவும் இறங்கவில்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம்.

'ட்ராக்கர் எர்ரர்' வந்தால் என்ன அர்த்தம்?

யார் யாரிடம் ஃபைல் இருக்கிறது என்ற விவரத்தைச் சொல்லும் சர்வர்தான் ட்ராக்கர். முகவரிப் புத்தகம் மாதிரி. அது செயலிழந்தால் சிவப்பு எழுத்தில் எர்ரர் வரும். அதைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை.

காரணம், 2005 முதல் 'டிஹெச்டி' என்ற மாற்று வழி வந்துவிட்டது. மைய சர்வர் இல்லாமல், பயனர்களே ஒருவரை ஒருவர் விசாரித்து முகவரி கண்டுபிடிக்கும் முறை இது. மேக்னட் லிங்க்கை க்ளிக் செய்ததும் 'மெட்டாடேட்டா டவுன்லோடிங்' என்ற நிலையிலேயே நிற்கிறது என்றால், செட்டிங்ஸில் டிஹெச்டி ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் செய்தும் நிற்கிறது என்றால், யூடிபி வகை டேட்டாவை ஃபயர்வாலோ நெட்வொர்க்கோ தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். கல்லூரி, அலுவலக வைஃபைகளில் இது சகஜம்.

முதல் பூட்டு: வீட்டுக்குள்

சீடர் இருக்கிறார். ஆனாலும் கனெக்ட் ஆகவில்லை. அப்படியானால் பூட்டுகளைத் தேட வேண்டும்.

வீட்டுக்குள் இரண்டு பூட்டுகள். ஒன்று, கம்ப்யூட்டரின் ஃபயர்வால். டொரண்ட் சாஃப்ட்வேரை முதல்முறை திறக்கும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தியிருந்தால், வெளியில் இருந்து வரும் இணைப்புகள் எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். ஃபயர்வால் பட்டியலில் போய் அந்த சாஃப்ட்வேருக்கு அனுமதி கொடுத்தால் போதும். இதற்காக ஃபயர்வாலையே மொத்தமாக ஆஃப் செய்வது, ஒரு விருந்தாளிக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பது போல. வேண்டாம்.

இரண்டாவது, ரவுட்டர். உங்கள் வீட்டில் போன், டிவி, லேப்டாப் என்று எத்தனை கருவிகள் இருந்தாலும், வெளியுலகுக்கு ரவுட்டரின் முகவரி ஒன்றுதான் தெரியும். வெளியில் இருந்து ஒருவர் புதிதாக வந்து தட்டினால், எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால் மறுத்துவிடும்.

'இந்த எண்ணுள்ள வாசலுக்கு வருபவர்களை இந்த லேப்டாப்புக்கு அனுப்பு' என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பதுதான் 'போர்ட் ஃபார்வர்டிங்'. பல ரவுட்டர்களில் 'யூபிஎன்பி' என்ற வசதியை ஆன் செய்தால் சாஃப்ட்வேரே இதைச் செய்துகொள்ளும். பழைய வழக்கமான 6881 முதல் 6889 வரையிலான போர்ட்களைச் சில நெட்வொர்க்குகள் குறிவைத்துத் தடுப்பதுண்டு. 49152-க்கு மேல் 65535-க்குள் ஒரு எண்ணை வைத்துக்கொள்வது நல்லது.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம், அப்லோடு. 'நாம எதுக்கு கொடுக்கணும்' என்று அப்லோடை மிகக் குறைத்துவிட்டால், மற்றவர்களும் உங்களுக்குக் குறைவாகவே கொடுப்பார்கள். பிட்டொரண்டின் கணக்கே கொடுத்து வாங்குவதுதான். அதற்காக அளவே வைக்காமல் விட்டாலும் ஆபத்து. அப்லோடு பாதை நிரம்பிவிட்டால், 'துண்டு கிடைத்தது, அடுத்ததை அனுப்பு' என்று நீங்கள் அனுப்பும் தகவல்கூட நெரிசலில் சிக்கி, டவுன்லோடும் நொண்டும். மொத்த அப்லோடு வேகத்தில் முக்கால் பங்கை வரம்பாக வைப்பது நடைமுறையில் பலன் தரும்.

செல்போனில் டொரண்ட் ஆப் வைத்திருப்பவர்கள் பேட்டரி சேவரையும் பார்க்க வேண்டும். ஸ்க்ரீன் அணைந்ததும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும் போன்கள் நிறைய.

இரண்டாவது பூட்டு: உங்கள் கையில் இல்லாதது

இதையெல்லாம் செய்தும் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. போர்ட் ஃபார்வர்டிங் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்தால் 'போர்ட் மூடப்பட்டுள்ளது' என்றே வருகிறது. இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது.

உங்கள் ரவுட்டருக்கு வெளியே, இணைய சேவை நிறுவனத்தின் இடத்தில், இன்னொரு பெரிய ரவுட்டர் இருக்கலாம். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அது நிறுத்தி வைத்திருக்கும். இதற்குப் பெயர் 'சிஜிநாட்'.

பெரிய அபார்ட்மென்ட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் குடியிருப்புக்கும் ஒரே முகவரி. ஃப்ளாட் எண் வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவர் ஹோட்டலுக்கு போன் செய்து சாப்பாடு வரவழைத்தால், வாட்ச்மேன் குறித்து வைத்துக்கொண்டு, டெலிவரி வந்ததும் சரியான வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் முன்பின் சொல்லாமல் யாராவது வந்து, "இங்க ஒருத்தரைப் பார்க்கணும்" என்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

யூடியூப், ஓடிடி எல்லாம் நீங்கள் கேட்டு வாங்கும் சாப்பாடு. அதனால் தடையில்லை. டொரண்டில் பாதி வேலை, முன்பின் தெரியாத பியர்கள் வந்து தட்டுவது. அதனால் தடை. உங்கள் வீட்டு வாசலில் எத்தனை போர்ட்டைத் திறந்து வைத்தாலும், கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்கு அது தெரியாது.

சிஜிநாட்டில் இருக்கிறீர்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடி, அங்கே வரும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்தமாகப் பொது முகவரி இருக்கிறது. வேறு வேறாக இருந்தால் நடுவில் வாட்ச்மேன் இருக்கிறார். குறிப்பாக, ரவுட்டரில் இருக்கும் எண் 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கத்தைக் கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வேலைக்காகவே 2012 ஏப்ரலில் தனியாக ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்களையும் இதற்குப் பயன்படுத்துகின்றன.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு?

இது டொரண்டைத் தடுக்கப் போட்ட திட்டம் இல்லை. முகவரிப் பஞ்சம்தான் காரணம்.

இன்டர்நெட் இன்றும் பெருமளவு நம்பியிருக்கும் ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவர் கையிலேயே இரண்டு மூன்று கருவிகள். உலக அளவில் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் 'ஐயானா' அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான 'ஆப்னிக்' அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுப்புக்கு வந்து சேர்ந்து, ரேஷன் முறையில் கொடுக்கத் தொடங்கியது.

இந்தியாவில் கோடிக்கணக்கானோர் செல்போன் வழியே நெட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முன்னால் வந்த நாடுகள் முகவரிகளை அள்ளிக்கொண்டன. தாமதமாக வந்தவர்களுக்குக் கிடைத்தது பகிர்ந்த முகவரி. அதனால்தான் இங்கே மொபைல் டேட்டாவிலும், பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் சிஜிநாட் சாதாரணமாகிவிட்டது.

அப்படியென்றால் டொரண்டே ஓடாதா?

ஓடும். ஆனால் பாதிக் காலோடு ஓடும்.

உங்கள் வாசல் மூடியிருந்தாலும், வாசல் திறந்திருக்கும் இன்னொருவரைத் தேடி நீங்கள் போகலாம். இருவரில் ஒருவருக்கு வாசல் திறந்திருந்தால் போதும். இருவருக்கும் மூடியிருந்தால்தான் சிக்கல். மூன்றாவது ஆளின் உதவியோடு இருவரையும் ஒரே நேரத்தில் தட்ட வைத்து இணைக்கும் நுட்பம் சில சாஃப்ட்வேர்களில் உண்டு. அது எல்லா நெட்வொர்க்கிலும் எடுபடாது.

இதனால்தான் ஆயிரம் சீடர் இருக்கும் ஃபைல் வேகமாக வந்துவிடுகிறது, இரண்டே சீடர் இருக்கும் ஃபைல் நின்றுவிடுகிறது. அந்த இரண்டு பேரும் உங்களைப் போலவே கேட்டுக்குப் பின்னால் இருந்தால், ஃபைல் அங்கே இருக்கும், நீங்கள் இங்கே இருப்பீர்கள், சந்திக்கவே முடியாது.

இழப்பு அரிய பொருட்களுக்குத்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் சேகரிப்புகளை டொரண்டாகவும் தருகிறது. ஸ்கேன் செய்யப்பட்ட பழைய தமிழ் நூல்களும் அந்தத் தளத்தில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு நூலின் பிரதியை வைத்திருக்கும் ஒருவர், மனமிருந்தும் இன்னொருவருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாத நிலை இது.

சிஜிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஒரே நேரத்தில் 500, 1000 இணைப்புகள் என்று வைத்திருந்தால் குறைத்துவிடுங்கள். பொது முகவரியைப் போல போர்ட்களும் அங்கே பங்கு பிரிக்கப்படுகின்றன. உங்கள் பங்கு தீர்ந்தால் டொரண்டோடு சேர்ந்து மற்ற ஆப்களும் திணறும். 200-க்குள் வைத்துப் பாருங்கள்.

அரசு தடை செய்ததால் வரவில்லையா?

இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. டொரண்ட் லிங்க் தரும் இணையதளத்தைத் தடுப்பது வேறு. டொரண்ட் என்ற தொழில்நுட்பத்தைத் தடுப்பது வேறு. இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் முதலாவது.

இதில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2012-ல் தனுஷ் நடித்த '3' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் பைரேட் பே மட்டுமின்றி விமியோ போன்ற வீடியோ தளங்களையும் மொத்தமாக முடக்கின. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களுக்காகத் தடுக்கப்பட்ட 2,600-க்கும் அதிகமான தளங்களின் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சிக்கியது. 2018-ல் ரஜினியின் '2.0' வெளியானபோது 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்க உத்தரவானது.

தளம் தடுக்கப்பட்டிருந்தால் பக்கமே திறக்காது. பக்கம் திறந்து, ஃபைலும் சாஃப்ட்வேரில் ஏறி, பியர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் அதற்குத் தடை உத்தரவு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

நெட் நிறுவனமே டொரண்டை நசுக்கிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், பயனர்களுக்கு இடையே போலியான 'இணைப்பைத் துண்டி' தகவலை அனுப்பி டொரண்டைத் தடுத்தது 2007-ல் அம்பலமானது. 2008-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2010-ல் நீதிமன்றம் சொன்னது. உலகம் முழுக்க 'நெட் நியூட்ராலிட்டி' விவாதம் சூடுபிடித்ததில் அந்த வழக்குக்குப் பெரிய பங்குண்டு. இந்தியாவில் டிராய் பரிந்துரைத்த நெட் நியூட்ராலிட்டி கொள்கைக்கு 2018 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

டொரண்ட் சாஃப்ட்வேர் வைத்திருப்பது குற்றமல்ல. அதில் எதைப் பகிர்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், திரைப்படத்தை அனுமதியின்றி பதிவு செய்து பரப்புவோருக்குக் குறைந்தது 3 மாத சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

டொரண்டில் டவுன்லோடு செய்யும்போதே நீங்கள் மற்றவர்களுக்கும் கொடுக்கிறீர்கள். 'நான் பார்க்க மட்டும்தான் எடுத்தேன்' என்ற வாதம் இங்கே எடுபடுவது கடினம். உங்கள் ஐபி முகவரியும் மற்ற பியர்களுக்குத் தெரியும்.

சிஜிநாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா? அதுவும் தவறான கணக்கு. வெறும் ஐபியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நேரமும் போர்ட் எண்ணும் சேர்ந்தால் எந்த வாடிக்கையாளர் என்று நிறுவனத்தால் சொல்ல முடியும். மறுபக்கம், அந்த விவரங்கள் சரியாக இல்லாவிட்டால் ஒருவர் செய்ததற்கு அதே முகவரியில் இருக்கும் சம்பந்தமில்லாதவர் மீதும் சந்தேகம் விழலாம். ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் சைபர் குற்ற விசாரணை தடைபடுகிறது என்று ஐரோப்பிய காவல் அமைப்பான யூரோபோல் 2017-லேயே குரல் எழுப்பியது.

தீர்வு என்ன?

முதல் வழி, இணைய நிறுவனத்திடம் பொது ஐபி அல்லது 'ஸ்டேட்டிக் ஐபி' கேட்பது. கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. வீட்டு இணைப்புகளுக்குச் சில நிறுவனங்கள் தருவதே இல்லை.

இரண்டாவது, விபிஎன். இது பலரும் நினைப்பது போல மந்திரக்கோல் அல்ல. பெரும்பாலான விபிஎன்களிலும் பலர் ஒரே முகவரியைத்தான் பகிர்கிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் தராத விபிஎன் என்றால், ஒரு வாட்ச்மேனை விட்டு இன்னொரு வாட்ச்மேனிடம் போன கதைதான்.

மூன்றாவது, நிலையான தீர்வு: ஐபிவி6. இதில் முகவரிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கொடுக்கலாம். 2016-ல் ஜியோ 4ஜி வந்த பிறகு இதன் பயன்பாடு இங்கே வேகமெடுத்தது. இன்று ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. டொரண்ட் சாஃப்ட்வேரிலும், ரவுட்டரிலும் ஐபிவி6 ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரவுட்டர்கள் பலவும் வெளியில் இருந்து வரும் ஐபிவி6 இணைப்புகளைப் பாதுகாப்புக்காகத் தடுத்தே வைத்திருக்கும். அந்த சாஃப்ட்வேரின் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். எதிரில் இருப்பவரிடமும் ஐபிவி6 இருந்தால்தான் இது கைகொடுக்கும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, க்யூபிட்டொரண்ட் போன்ற சாஃப்ட்வேரில் 'பியர்ஸ்' பட்டியலைத் திறந்து 'ஃப்ளாக்ஸ்' என்ற வரிசையைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ' எங்காவது தெரிந்தால், வெளியில் இருந்து ஒருவர் உங்களைத் தேடி வந்து இணைந்திருக்கிறார் என்று அர்த்தம். கதவு திறந்துவிட்டது.

டொரண்ட் பயன்படுத்தாதவர்களுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. கடையில் சிசிடிவி கேமரா மாட்டிவிட்டு, வீட்டில் இருந்து போனில் நேரடியாகப் பார்க்க முடியாமல் தவிப்பவருக்கும் இதே பூட்டுதான். ஆன்லைன் கேமில் 'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று வந்து நண்பர்களோடு சேர முடியாத மாணவருக்கும் இதே பூட்டுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு வெப்சைட் நடத்திப் பார்க்க நினைக்கும் கல்லூரி மாணவி, முதல் நாளே முட்டிக்கொள்வதும் இதில்தான்.

இதற்கெல்லாம் இப்போதைய சமாளிப்பு, நடுவில் ஒரு நிறுவனத்தின் சர்வரை வைத்துக்கொள்வது. உங்கள் கடைக் கேமராவின் காட்சி, நீங்கள் பார்ப்பதற்கு முன் வேறு ஒருவரின் சர்வருக்குப் போய் வருகிறது. சில சேவைகளுக்கு அதற்கு மாதச் சந்தாவும் உண்டு. இரண்டு பேர் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாத இடத்தில், நடுவில் இருப்பவர் வைத்ததுதான் விலை.

ஆக, அடுத்த முறை டொரண்ட் நின்றால் வரிசையாகப் பாருங்கள். சீடர் இருக்கிறாரா? டிஹெச்டி ஆனில் இருக்கிறதா? ஃபயர்வால் அனுமதித்திருக்கிறதா? போர்ட் திறந்திருக்கிறதா? ரவுட்டர் ஐபியும் வெளி ஐபியும் ஒன்றா? முதல் நான்கும் உங்கள் கையில் சரிபார்க்கக் கூடியவை. ஐந்தாவதில் 'இல்லை' என்று வந்தால், சாஃப்ட்வேரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கஸ்டமர் கேருக்கு போன் செய்யும்போது கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். "நெட் ஏன் ஸ்லோ?" என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். "என் கனெக்‌ஷன் சிஜிநாட்டில் இருக்கா? ஐபிவி6 தர்றீங்களா? பப்ளிக் ஐபி கிடைக்குமா, எவ்வளவு?" என்று கேளுங்கள். மாதாமாதம் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு, தன் வீட்டு வாசல் திறந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது உண்டு.